வீசிங் வந்தால் எது: மாத்திரையா, நீலப் பம்பா, இரட்டை மருந்துப் பம்பா?

மார்கழிப் பனியோடு போகிப் புகையும் சேரும் நாட்களில் சென்னை மருந்துக் கடைகளில் அடிக்கடி கேட்கும் குரல்: “வீசிங்குக்கு ஏதாவது கொடுங்கள்.” கொடுத்ததை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறோம். எதைப் போட்டுக்கொள்கிறோம் என்பது உயிர் தொடர்பான கேள்வி என்பதால் இந்த அலசல்.

முதலில், ஆஸ்துமாதானா என்பது உறுதியாக வேண்டும். விடியற்காலையில் இருமல் எழுப்பிவிடும், நெஞ்சு இறுகும், மூச்சில் விசில் சத்தம் கேட்கும், இரண்டு நாளில் ஒன்றுமே இல்லாததுபோல் போய்விடும். இந்த வந்து போகும் குணம்தான் முக்கியமான அடையாளம். சிலருக்கு இருமல் மட்டுமே இருக்கும். அவர்கள் மாதக்கணக்கில் இருமல் மருந்து குடித்துக்கொண்டிருப்பார்கள். ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொல்லை இல்லாத நாளில் அது சரியாகவே காட்டலாம். அதை வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

மாத்திரையைப் பலர் விரும்புவதற்குக் காரணம், பம்ப் எனப்படும் இன்ஹேலர் மீதான பயம். “பம்ப் பிடித்தால் அதற்கே பழகிவிடும், பெண்ணுக்கு வரன் அமையாது” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள்: மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பூட்டமால் என்ற மருந்து மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம், பம்பை ஒரு முறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம். நாற்பதில் ஒரு பங்கு! மாத்திரை வயிறு, ரத்தம் என்று சுற்றி வருவதற்குள் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். பம்ப் மருந்து நேராக நுரையீரலுக்குப் போய்ச் சில நிமிடங்களில் வேலை செய்கிறது. மாத்திரை எந்த வகையிலும் மேல் இல்லை. கடும் தாக்குதலின்போது மருத்துவர் சில நாட்களுக்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை வேறு விஷயம். அது உயிர் காக்கும். அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும்.

உண்மையான போட்டி இரண்டு பம்புகளுக்கு இடையில்தான். சல்பூட்டமால் உள்ள நீலப் பம்ப் சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும். உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. உடனே சுகம் கிடைப்பதால் நோய் அடங்கியது என்று நம்பிவிடுகிறோம். ஆண்டுக்கு மூன்று பம்புக்கு மேல் தீர்ந்தால் கடும் தாக்குதல் வரும் ஆபத்து கூடுகிறது. அதனால்தான் ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதலான ஜீனா, பெரியவர்கள் நீலப் பம்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று 2019 முதல் சொல்கிறது.

புடசொனைடு, ஃபார்மோடெரால் சேர்ந்த பம்ப் இரண்டு வேலையும் செய்யும்: ஃபார்மோடெரால் விரைவாகக் குழாயை விரிக்கும், ஸ்டீராய்டான புடசொனைடு அழற்சியைக் குறைக்கும். லேசான ஆஸ்துமா உள்ளவர்கள் தேவைப்படும்போது மட்டும் இதை இழுத்தாலே கடும் தாக்குதல்கள் பாதிக்கு மேல் குறைந்ததை ஆய்வு காட்டியிருக்கிறது. என் தேர்வு இதுதான். அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். ஒரு எச்சரிக்கை: சால்மெடெரால் சேர்ந்த பம்ப் பார்க்க இதேபோல் இருந்தாலும் அவசரத்துக்கு உதவாது.

எதை வாங்கினாலும் இழுக்கும் விதம் தவறினால் காசு வீண். அழுத்தும் பம்ப் என்றால் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, அழுத்தியபடியே மெதுவாக இழுத்து, பத்து நொடி அடக்குங்கள். வாய் ஓரத்தில் புகை கசிந்தால் மருந்து உள்ளே போகவில்லை, பம்போடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குழல் வாங்கிக்கொள்ளுங்கள். கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் ரோட்டாஹேலருக்கு நேர்மாறு: வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு உள்ள பம்ப் என்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

மருந்தைப் புகைபோல் மாற்றி முகமூடி வழியே தரும் நெபுலைசர் கருவி? மிகக் கடுமையாக இல்லாத தாக்குதலில் ஸ்பேசரோடு பிடிக்கும் பம்பே அதற்கு ஈடாக வேலை செய்யும். ஆனால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எந்த ஒப்பீடும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து பம்பைத் தொடர்ந்து பிடியுங்கள்.