மாதிரி ராக்கெட்டில் குட்டி கேமரா: நான்கு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

முதல் வீடியோவில் எனக்குக் கிடைத்தது வெறும் சுழல். பச்சையும் நீலமும் மாறி மாறி ஓடின. எது புல், எது வானம் என்பதை நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. கேமராவில் எந்தக் குறையும் இல்லை. ராக்கெட் சுற்றிக்கொண்டே ஏறியிருக்கிறது. தரையில் நின்று பார்த்த எனக்கு அது தெரியவில்லை. ஒரு ஃபின், அதாவது வால் பக்கத்து இறக்கை, கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எழுபது தடவைக்கு மேல் கேமராவோடு ஏவிவிட்டேன். எந்தக் கேமரா வாங்கலாம் என்று யாராவது கேட்டால், ஃபின்கள் நேராக இருக்கின்றனவா என்றுதான் இன்றும் முதலில் கேட்கிறேன்.

நான் அதிகம் பயன்படுத்தியது சாவிக்கொத்து கேமரா என்று சொல்லப்படும் 808 வகை. எடை 20 கிராமுக்குள். லென்ஸ் ஒரு முனையில் இருப்பதால், குழாயை ஒட்டிப் படுக்க வைத்தாலே நேராகக் கீழே பார்க்கும். கண்ணாடி வைத்துத் திருப்ப வேண்டியதில்லை. 720 பி, நொடிக்கு 30 ஃபிரேம். இந்த வேலைக்கு அது போதும்.

எடை விஷயத்தில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன். ராக்கெட்டை மேலே தள்ளுவது, உள்ளே மருந்து அடைத்த சின்ன மோட்டார். அதில் சி6-5 என்ற வகைக்கு அதிகபட்ச ஏவு எடை 113 கிராம். என் ராக்கெட் மோட்டாரோடு 84 கிராம், கேமராவும் உறையும் சேர்ந்ததும் 108. வரம்புக்குள்தானே இருக்கிறது, சரி என்று ஏவினேன். ஏறும் வரை கேமரா தரையைக் காட்டியது. பிறகு தொடுவானம் மெல்லச் சாய்ந்து உள்ளே வந்தது, அப்புறம் முழுக்க வானம். பின்னோக்கிப் பார்க்கும் கேமராவில் வானம் தெரிந்தால், ராக்கெட் தலைகீழாக விழுகிறது என்று அர்த்தம். ஃபிரேம்களை எண்ணினேன்: 46 ஃபிரேம், ஒன்றரை நொடி. அதற்குப் பிறகுதான் பட் என்ற சத்தம், பாராசூட். அந்த வேகத்தில் நூல் இழுபட்டு, அட்டைக் குழாயின் வாயை இரண்டு விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது.

காரணம் எளிது. எடையும் காற்றுத் தடையும் கூடினால் ராக்கெட் சீக்கிரமே உச்சியைத் தொட்டுவிடும். மோட்டார் பெயரின் கடைசியில் உள்ள 5, எரிந்து முடிந்தபின் பாராசூட்டைத் தள்ள அது காத்திருக்கும் நொடிகள். அதனால் சி6-3க்கு மாறினேன், கிழிசல் நின்றது. 40 கிராம் எடையுள்ள, இன்னும் தெளிவான கேமரா ஒன்றையும் ஒரு வருடம் வைத்துப் பார்த்தேன். அதற்குப் பெரிய ராக்கெட்டும் இன்னும் வலுவான டி12-3 மோட்டாரும் தேவைப்பட்டன. படம் அருமை. ஆனாலும் 808-ஐத்தான் அடிக்கடி கையில் எடுக்கிறேன், ஏனென்றால் சின்ன மைதானத்திலும் ஏவலாம்.

பொருத்தும் முறையில் டேப், ரப்பர் பேண்ட், வெல்க்ரோ எல்லாம் பார்த்தாகிவிட்டது. வெல்க்ரோதான் மோசம். கையால் ஆட்டிப் பார்த்தால் கெட்டியாக இருக்கும். மோட்டார் தீப்பற்றியதும் கேமரா அதன்மேல் நடுங்க ஆரம்பித்துவிடும். இந்தக் கேமராக்கள் படத்தை வரிவரியாகப் பதிவு செய்வதால், அந்த நடுக்கத்தில் தொடுவானம் அல்வா போலத் தளதளவென்று ஆடும். இப்போது பால்சா என்ற எடை குறைந்த மரத்தில் மூக்குப் பக்கம் கூராக ஓர் உறை செதுக்கிக் குழாயோடு ஒட்டியிருக்கிறேன். கேமராவை உள்ளே தள்ளி, மீதி இடைவெளியில் மடித்த அட்டைத் துண்டைச் செருகுவேன். நகத்தால் நெம்பினாலும் அசையக் கூடாது. மேலே ஒரு சுற்று டேப்.

உறையை முடிந்தவரை மூக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். எடை முன்னால் போகப் போக ராக்கெட்டின் நிலைத்தன்மை கூடும். ஈர்ப்பு மையம், காற்றின் விசை வந்து கூடும் புள்ளியான காற்றழுத்த மையத்துக்குக் குறைந்தது ஒரு குழாய் விட்டம் முன்னால் இருக்க வேண்டும். வால் பக்கம் வைத்திருந்த நாட்களில் அந்தக் கணக்கும் கெட்டது, லென்ஸில் புகையும் படிந்தது. இன்னொன்று, ஒரு பக்கம் மட்டும் புடைப்பு இருந்தால் ராக்கெட் அந்தப் பக்கமே சாயும். காற்றுத் தடையும் சரி, நடுவிலிருந்து விலகிய எடையும் சரி, இரண்டும் ஒரே பக்கம்தான் இழுக்கின்றன. அதனால் எதிர்ப்புறம் அதே அளவில் ஒரு வெற்று உறை ஒட்டி, உள்ளே களிமண் வைத்து எடையைச் சமன் செய்தேன். எடை வரம்பைத் தாண்டியதால் அந்த ராக்கெட்டையும் டி மோட்டாருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் அன்றிலிருந்து ஏவுமேடை படத்தின் நடுவிலேயே நின்று சிறிதாகிக்கொண்டே போகிறது. அதைப் பார்க்கும் சந்தோஷமே தனி.

பதிவு தொலைந்ததுதான் நான் அதிகம் வருந்திய விஷயம். தரையில் மோதும்போது மெமரி கார்டு வெளியே துள்ளிவிடும். கோப்பு மூடப்படாமல் வெறுமையாகக் கிடக்கும். நல்ல ஏவல்கள் மூன்று அப்படிப் போயின. கார்டு வாயின் மேல் சின்ன டேப் ஒட்டிய பிறகு ஒன்றுகூடப் போகவில்லை. கேமராவை ஓடவிட்டு, விளக்கு மினுக்குகிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் பற்றவைக்கும் ஒயரை இணைக்க வேண்டும். ஒயர் இணைத்த ராக்கெட்டின் பக்கத்தில் நின்று கேமரா பொத்தானைத் தேடவே கூடாது. வெயிலில் உறைக்குள் கேமரா சூடாகும் என்பதால் அதற்குப் பிறகு தாமதிக்கவும் வேண்டாம்.

1965-இல் மாதிரி ராக்கெட் நிறுவனமான எஸ்டீஸ் விற்ற கேம்ராக் என்ற ராக்கெட் கேமரா, ஓர் ஏவலுக்கு ஒரே ஒரு புகைப்படம்தான் எடுக்கும். அந்த ஒரு படத்துக்காக ஃபிலிமைக் கழுவிக் காத்திருந்தவர்களை நினைத்துக்கொள்வேன்.

என் 808-இன் பேட்டரி இப்போது பாதி நேரம்தான் தாங்குகிறது. வேறு குறை இல்லை. போன வாரம் எடுத்த வீடியோவில் பாராசூட்டின் நிழல் புல்மேல் மிதந்து, பெரிதாகிக்கொண்டே நெருங்கி வருகிறது. நிழலும் ராக்கெட்டும் சேரும் இடத்தில் ஒரு குலுக்கல். அப்புறம் மூன்று நிமிடத்துக்குச் சாய்ந்த புல் மட்டும்தான், கூடவே தூரத்திலிருந்து ஓடிவரும் எங்கள் காலடிச் சத்தம்.