மலைக்கு எந்த கிளியர் கோட் ஒத்துவரும்?

வண்டிக்கு நிறம் அடித்த பிறகு மேலே அடிக்கும் நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சுதான் கிளியர் கோட். கிளியர் டின்னோடு வரும் தாளில் உலரும் நேரம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் 20 டிகிரிக்கான கணக்கு. இல்லையென்றால் 60 டிகிரிக்குச் சூடேற்றிய பூத்தில் (பெயிண்ட் அடிக்கும் மூடிய அறை) 30 நிமிடம் என்று இருக்கும். நம் ஊர் அந்தத் தாளில் இல்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், நம் குன்னூர் 1,850 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் 6.5 டிகிரி அளவுக்குக் குறையும். ஆக, கீழே இருப்பதைவிட இங்கே ஏறக்குறையப் பத்து டிகிரி குறைவு. ஹார்டனர், அதாவது இறுகவைக்கும் துணைத் திரவம், கலந்த கிளியர் இறுகுவது ஒரு வேதிவினை. பத்து டிகிரி குறைந்தால் அதன் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கீழே ராத்திரிக்குள் இறுகிவிடும் அதே கிளியர், இங்கே மறுநாள் மதியமும் நகம் வைத்தால் பதிகிற மாதிரி கிடப்பது இதனால்தான். சரக்கைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

வெயில் விஷயமும் அப்படித்தான். குளிராக இருப்பதால் மலை வெயில் வண்டியை ஒன்றும் செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் என்ற அளவில் புற ஊதாக் கதிர் கூடிக்கொண்டே போகும். ஊட்டி 2,240 மீட்டர். கூரையும் பானட்டும் வெளுத்து, கிளியர் தோல் தோலாக உரிந்த கார்களை சேரிங் கிராஸில் கொஞ்ச நேரம் நின்றாலே பார்த்துவிடலாம். அதனால் மலைக்கு வாங்கும் கிளியரிடம் நான் கேட்பது இரண்டே விஷயம்: குளிரில் இறுக வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும். பளபளப்பு அதற்கு அப்புறம். முதல் நாளில் எல்லாமே பளபளக்கும்.

புதிதாக ஒரு வகை கிளியர் சந்தைக்கு வந்திருக்கிறது. பூத் சூடு இல்லாமலே, காற்றில் உள்ள ஈரத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டு வேகமாக இறுகும் என்கிறார்கள். பெரிய பெயிண்ட் நிறுவனங்கள் சில இதைக் கொண்டுவந்திருக்கின்றன. ஈரத்துக்குப் பஞ்சமே இல்லாத குன்னூரில் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கழித்துப்போட்ட ஒரு பானட்டை எடுத்து, ஒரே பிரைமர், ஒரே கருநீல பேஸ் கோட் அடித்து, டேப் ஒட்டிப் பட்டை பட்டையாகப் பிரித்தேன். குறை இருந்தால் கருநீலம் ஒளிக்காமல் காட்டிவிடும். ஒரு பட்டைக்கு ஸ்ப்ரே கேன் கிளியர், ஒன்றுக்கு நாம் வழக்கமாக அடிக்கும் எம்.எஸ். (மீடியம் சாலிட், கெட்டிப் பொருள் நடுத்தரம்), ஒன்றுக்கு எச்.எஸ். (ஹை சாலிட், கெட்டிப் பொருள் அதிகம்), கடைசிப் பட்டைக்கு இந்தப் புது வேக கிளியர். வடகிழக்குப் பருவமழை நேரம்தான் அடித்தேன். மார்ச் மாத வெயிலில் எதை அடித்தாலும் நன்றாகத்தான் வரும், அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

ஸ்ப்ரே கேனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இது ஒன்கே, ஹார்டனர் கிடையாது. தின்னர் ஆவியானால் காய்ந்ததாகக் கணக்கு. தின்னர் ஆவியாகும்போது தகடு இன்னும் குளிரும், காற்றின் ஈரம் அதன் மேல் படியும், பால் ஊற்றியதுபோல் வெண்மை பூக்கும். மழைக்காலத்தில் இது பெரும்பாலும் நடக்கும். நன்றாகக் காய்ந்த பிறகும் பெட்ரோல் துணியால் துடைத்தால் இளகும். மூடி வழியாகப் பெட்ரோல் வழியும் டேங்க் பக்கம் இதை அடித்து என்ன பயன்? அடிப்பகுதியில் பொத்தானை அழுத்தி உள்ளேயே ஹார்டனரைக் கலக்கும் டூகே கேன் வேறு ரகம். கண்ணாடிக் கூடு, கைப்பிடி மாதிரிச் சின்ன வேலைக்கு அதை நம்பலாம்.

எம்.எஸ். தான் நம் மலைப் பட்டறைகளில் அதிகம் ஓடுவது. விலை குறைவு, ஸ்ப்ரே கன்னில் வழவழவென்று போகும், புதுப் பையன்கூட அடித்துவிடுவான். ஆனால் அதில் கெட்டிப் பொருள் குறைவு, தின்னர் அதிகம். போதுமான கனம் வர இரண்டு மூன்று கோட் வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் தின்னர் வெளியேற நேரம் கொடுக்க வேண்டும், குளிரில் அந்த நேரம் இழுத்துக்கொண்டே போகும். பொறுமை இல்லாமல் அடுத்த கோட்டைப் போட்டால் தின்னர் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். டெலிவரி அன்று கண்ணாடிபோல் இருக்கும். வாரங்கள் போகப் போக அந்தத் தின்னர் மெல்ல வெளியேறும்போது கிளியர் அமுங்கி, அடியில் பட்டி தேய்த்த கோடுகள் மேலே தெரியும். என் பானட்டிலும் எம்.எஸ். பட்டை இப்படித்தான் மங்கியது. மழைக்காலத்தில் எம்.எஸ். அடிப்பதை நான் நிறுத்திவிட்டேன். வெயில் மாதங்களில், சின்ன பட்ஜெட் வண்டிக்கு அது தப்பில்லை.

எச்.எஸ். பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே இதைப் பிடிக்கவில்லை என்பவர்கள் பலரும் அதற்குத் தக்கபடி அடிக்காதவர்கள். கெட்டிப் பொருள் அதிகம் என்பதால் முதலில் மெலிதாக ஒன்று, அதன்மேல் நிறைவாக ஒன்று அடித்தால் 50, 60 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வந்துவிடும். மலை வெயிலுக்கு இந்தக் கனம் முக்கியம். கிளியருக்குள் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்மானம் இருக்கிறது, படலம் மெலிதானால் அந்தச் சேர்மானமும் குறைவாகத்தான் இருக்கும். கம்பவுண்ட் போட்டு ரப்பிங் செய்யும்போது கரைவதும் இதே கனம்தான்.

இங்கே எச்.எஸ்.ஸுக்கு வரும் பிரச்சினை, டின்னே குளிர்ந்து தேன் பதத்துக்கு வந்துவிடுவது. அப்படியே அடித்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக நிற்கும். உடனே எல்லோரும் செய்வது, தின்னரை ஊற்றுவது. அது தீர்வே இல்லை. தின்னர் கூடினால் நிற்கும் பக்கங்களில் வடியும், கனமும் போய்விடும், கடைசியில் எச்.எஸ். விலை கொடுத்து எம்.எஸ். அடித்ததாக ஆகும். மூடிய டின்னை வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் வைத்து எடுங்கள், அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். கலவை தானாக இளகும். டின்னில் 2:1 என்று இருந்தால் 2:1 தான். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் காயாது, நொறுங்கும் தன்மைதான் வரும்.

காய வைப்பதற்கு வழி ஹார்டனரின் ரகத்தில் இருக்கிறது. வேகம், நடுத்தரம், மெது என்று மூன்று ரகம் உண்டு. நாம் சரக்கு எடுப்பது கோயம்புத்தூரில். அங்கே அலமாரியில் முன்னால் நிற்பது அந்த ஊர் வெயிலுக்கான மெது ஹார்டனரும் மெது தின்னரும். கேட்காமல் வாங்கினால் அதுதான் கையில் வரும். "குன்னூருக்குங்க, ஃபாஸ்ட் ஹார்டனர் குடுங்க" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கையிருப்பு இல்லையென்றால் அடுத்த லோடில் வரவழைத்துக் கொடுப்பார்கள். என் பானட்டில் எச்.எஸ்.ஸை வேக ஹார்டனரோடு அடித்த பட்டை மறுநாள் காலையில் 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்தபோதும் தாங்கியது. மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் நான்கில் ஆழமாகத் தெரிந்த பளபளப்பு அதனுடையதுதான்.

இப்போது புதுசு. உண்மையாகவே வேகம். லேசாகச் சூடேற்றிய தகட்டில் அடித்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் தூசி ஒட்டாத நிலைக்கு வந்துவிட்டது. அன்றைக்கே பாலிஷ் போட முடிந்தது. டாக்ஸிக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். சீசன் நேரத்தில் பம்பர் உரசிவிட்டு வந்து, "அண்ணா, இன்னைக்கே குடுத்திருவீங்களா? நாளைக்குக் காலைல மேட்டுப்பாளையத்துல பார்ட்டி இறங்குறாங்க" என்று நிற்கும் தம்பியிடம், முன்பெல்லாம் முடியாது என்றுதான் சொல்வேன். இப்போது முடியும் என்று சொல்கிறேன்.

ஆனால் அந்த வேகமே இதன் எல்லையும்கூட. கலந்துவிட்டால் கன்னில் அதிக நேரம் வைத்திருக்க முடியாது. ஒரு கதவு, ஒரு பம்பர், ஒரு ஃபெண்டர் என்றால் அருமை. முழு வண்டி என்றால், கூரையில் தொடங்கி மறுபக்கம் வருவதற்குள் முதலில் அடித்த இடம் இறுகிவிடும், பக்கத்தில் தெறிக்கும் தூவல் அதில் கரையாமல் சொரசொரப்பாக நிற்கும். பாலிஷையும் தள்ளிப்போடக் கூடாது, நாளாக ஆகக் கெட்டிப்பட்டு ரப்பிங்குக்கு இடம் கொடுக்காது. ஈரம் துணை செய்யும் என்பதைச் சிலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். துணை செய்வது காற்றில் கலந்திருக்கும் ஆவி. மூடுபனி உள்ளே வந்து தகட்டில் முத்து முத்தாக நின்றால் எந்த கிளியரும் தாங்காது. அப்புறம், ஹார்டனர் டின். இது எல்லா டூகேக்கும் பொருந்தும்: மூடி திறந்து கிடந்தால் ஹார்டனர் ஈரத்தைக் குடித்துக் கலங்கிவிடும். பெரிய டின் மலிவு என்று வாங்கிப் பாதியை வீணாக்குவதற்குப் பதில் சின்ன டின் வாங்குவது நல்லது.

எதை அடித்தாலும் தகடு, பனிப்படும் வெப்பத்தைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) குறைந்தது மூன்று டிகிரி அதிகமாக இருக்க வேண்டும். பட்டறைக் காற்று 16 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வையுங்கள், இங்கே ஐப்பசி கார்த்திகையில் இது சாதாரணம். அப்போது பனிப்படும் வெப்பம் 14 டிகிரிக்குச் சற்று மேலே. தகடு 17, 18 டிகிரியாவது இருக்க வேண்டும், ராத்திரி முழுக்க வெளியில் நின்ற வண்டி அந்தச் சூட்டில் இருக்காது. முந்தின நாளே வண்டியை உள்ளே ஏற்றி, அகச்சிவப்பு விளக்கு வைத்துச் சூடேற்றுங்கள். கேஸ் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும், ஈரத்தை விரட்டப் போய் நாமே ஈரத்தைக் கொட்டுகிறோம். தின்னர் புகை நிறைந்த அறையில் நெருப்பு வேறு. கம்ப்ரஸர் டேங்கின் தண்ணீரைத் தினமும் காலையில் திறந்து விடுவதையும் மறக்க வேண்டாம்.

மாஸ்க் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். டூகே ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள். ஆபத்தான அளவுக்கு வந்தாலும் வாசனை காட்டாது. ஒருமுறை உடம்புக்கு அது ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும், ஆஸ்துமா வாழ்நாள் முழுக்கக்கூட நிற்கலாம். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் மாஸ்க்தான் சரி. குளிருக்காக நாம் கதவு ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு வேலை செய்கிறோம், அதனால் கீழே உள்ளவர்களைவிட நமக்கு இது இன்னும் அவசியம். புது கிளியருக்குச் செலவு செய்யும் முன் இதற்குச் செலவு செய்யுங்கள்.

செராமிக் கோட்டிங் போட்டால் கிளியர் தேவையில்லையா என்று கேட்கிறார்கள். அது கிளியருக்கு மேல் போடும் மெல்லிய படலம். உரிந்துபோன கிளியரை அது திரும்பக் கொண்டுவராது.

என் பட்டறையில் இப்போது முழு வண்டி, எஸ்டேட் ஜீப், கூரை, பானட் எல்லாவற்றுக்கும் எச்.எஸ்., வேக ஹார்டனரோடு. முழு வண்டியை ஒரே மூச்சில் அடிக்கும்போது மட்டும், மதியத்தில் அறை சூடாக இருந்தால், நடுத்தர ஹார்டனர். ஒன்றிரண்டு பேனல் அவசர வேலைக்குப் புது வேக கிளியர். விலை எச்.எஸ்.ஸைவிட அதிகம்தான். ஆனால் ஒரு நாள் வாடகை மிச்சமாகும் டாக்ஸிக்காரர் அந்த வித்தியாசத்தைத் தயங்காமல் கொடுக்கிறார். தென்மேற்குப் பருவமழை கொட்டும் கூடலூர், தேவாலா பக்கத்து நண்பர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

வண்டியை எடுத்துப்போகிறவர்களுக்கு: எந்த கிளியராக இருந்தாலும் முதல் சில வாரங்கள் வண்டியைக் கவர் போட்டு மூடாதீர்கள், உள்ளே ஈரம் தங்கிப் படலத்தில் தடம் விழும். ஒரு மாதம் போகட்டும், பிறகு வாக்ஸ் போடலாம். பைன் மரத்தடியில் நிறுத்தாதீர்கள், அதன் பிசின் புது கிளியரைக் கடிக்கும். பறவை எச்சத்தைக் காய்ந்த துணியால் தேய்க்காமல், தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கழுவுங்கள்.