அளந்து பார்த்துச் சொன்ன முதுநகர்ப் பட்டறை

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் காரில் வேலைக்குச் சென்று வருகிறேன். பதினொரு ஆண்டுகள் ஓடிய எனது பெட்ரோல் கார், கடந்த சித்திரையில் அரியாங்குப்பம் நெரிசலில் நிற்கும்போதெல்லாம் சூடேறத் தொடங்கியது. திரும்பும் வழியில் தவளக்குப்பம் தாண்டி வேகம் பிடித்தவுடன் சூட்டைக் காட்டும் முள் தானாகவே நடுவுக்கு இறங்கிவிடும். கோளாறின் பாதி விடை இதிலேயே இருந்தது என்பது, இரண்டு இடங்களில் அலைந்த பிறகு, கடலூர் முதுநகரில் உள்ள ஒரு சிறு பட்டறையில்தான் எனக்குத் தெரிந்தது.

முதலில் காட்டிய இடத்தில், இன்ஜின் சூடாகும்வரை குளிர்விப்பு நீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, இனிச் சூடாகாது என்று அனுப்பினார்கள். நம் பக்கத்தில் பழகிப்போன கைவைத்தியம் இது. காலையில் இன்ஜின் உரிய சூட்டுக்கு வரவே நெடுநேரம் பிடித்தது, பெட்ரோல் செலவு கூடியது, நெரிசலில் முள் மட்டும் பழையபடியே ஏறியது. இரண்டாவது இடத்தில், எதையும் சோதிக்காமலேயே, இன்ஜினுக்குள் வாயு, ஆயில், குளிர்விப்பு நீர் ஆகியவை கலக்காமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும் என்று கூறி இருபதாயிரம் ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

முதுநகர்ப் பட்டறைக்கு மாலையில் போனேன். குளிர்விப்பு நீரை ஆறவைக்கும் ரேடியேட்டர் சூடாக இருந்ததால், அதன் மூடியில் கைவைக்க மெக்கானிக் மறுத்துவிட்டார். இரவு வண்டி அங்கேயே நிற்க வேண்டும் என்றார். மறுநாள் காலை அவர் கேட்ட முதல் கேள்வி, "நிக்கும்போது ஏறுதா சார், ஓடும்போது ஏறுதா?" என்பதுதான். ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்று சந்தேகம் போகும். நிற்கும்போது மட்டும் ஏறினால், எதிர்க்காற்று இல்லாத நேரத்தில் காற்றை இழுக்க வேண்டிய ஃபேனைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்று விளக்கினார்.

ஆயினும் அவர் ஃபேனோடு நிற்கவில்லை. ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் விட்டார். அழுத்தம் இறங்காததால் கசிவு இல்லை என்று முடிவாயிற்று. இன்ஜினை ஓடவிட்டபோது ரேடியேட்டரில் குமிழி வரவில்லை, ஆயிலும் பால் கலந்ததுபோல் வெளுக்கவில்லை. ஆகவே ஹெட் கேஸ்கட்டுக்கும் பழியில்லை. ஆனால் 1.1 பார் அழுத்தம் வரை தாங்க வேண்டிய ரேடியேட்டர் மூடி, பாதி அழுத்தத்திலேயே விட்டுக்கொடுத்தது. அழுத்தம் நின்றால்தான் கூலண்ட் என்னும் குளிர்விப்பு நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் என்பதால், இந்தச் சிறு மூடியும் குற்றவாளிதான்.

ஏசியைப் போட்டதும் ஃபேன் சுற்றத்தான் செய்தது. மற்றவர்கள் அதைப் பார்த்தே ஏமாந்திருக்க வேண்டும். இவர் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தார்: பேட்டரியில் 14.1 வோல்ட், ஃபேனுக்கு மின்சாரம் தரும் கனெக்டரில் 9.6 வோல்ட். அதனால் ஃபேன் போதிய வேகமின்றியே சுற்றியிருக்கிறது. கனெக்டரைப் பிரித்துக் காட்டினார். உள்ளிருந்த உலோக முனை பச்சை பூத்து, ஒரு பக்கத்துப் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருந்தது. துறைமுகத்துக்கு அருகே திறந்த வெளியில் வண்டியை நிறுத்தும் எனக்கு, உப்புக் காற்று செய்த வேலை அது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முன்பு கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலாகப் புதிய வால்வைப் பொருத்துமுன், தேநீர் போடும் பாத்திரத்தில் அதைப் போட்டு அடுப்பில் வைத்தார். அது திறக்க வேண்டிய டிகிரியாக அதில் 82 என்று பொறித்திருந்தது. தெர்மாமீட்டர் அந்த எண்ணைக் கடந்த சற்று நேரத்தில் வால்வு மெல்ல வாய் திறந்ததை அருகில் நின்று பார்த்தேன். கனெக்டர், மூடி, வால்வு, கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 3,150 ரூபாய் ஆனது.

குறைகளும் உண்டு. உட்கார ஓர் இருக்கை இல்லை. ரசீது துண்டுக் காகிதத்தில்தான் கிடைத்தது. கூலண்ட் நிரப்பியபோது உள்ளே அடைபட்ட காற்றை முழுமையாக வெளியேற்றாததால், மறுநாளே ரிசர்வ் டேங்கில் அளவு குறைந்து மீண்டும் போக நேர்ந்தது. இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர் இதைத் தவறவிட்டது வியப்புதான். காசு வாங்காமல் காற்றை எடுத்து நிரப்பிக் கொடுத்தார்.

ஆனி மாத வெயிலில், ஏசியுடன் முருங்கப்பாக்கம் சிக்னலில் இருபது நிமிடம் நின்றபோதும் முள் நடுவை விட்டு அசையவில்லை. அங்கே போக நினைப்பவர்கள் முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு வருவது நல்லது. ஆறாத இன்ஜினை அவர் தொடுவதில்லை.