நாலு வருஷம், ஒரு ரிஃப்ளெக்டர், ஆனி மாசக் காற்று

நான் போட்டோ எடுப்பவன். வெளிச்சத்தை ஆள் முகத்துக்குத் திருப்பிவிடப் பிடிக்கும் வட்டத் துணியான என் 110 சென்டிமீட்டர் ரிஃப்ளெக்டர் நேற்றுதான் தையல்காரரிடமிருந்து திரும்பி வந்தது. ஓரத்தில் ஓடும் எஃகு வளையம் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. அதை உள்ளே தள்ளி, பள்ளிக்கூடப் பைக்குப் போடும் நைலான் பட்டையை மேலே வைத்துத் தைத்துக் கொடுத்தார். கூலி 80 ரூபாய். அதே நேரம் பார்த்து, புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, ஃபைவ் இன் ஒன் வாங்கலாமா?"

என்னுடையதும் அந்த ஃபைவ் இன் ஒன்தான்: சில்வர், கோல்டு, வெள்ளை, கறுப்பு என்று நாலு பக்கம், உள்ளே வெயிலை வடிகட்டி மென்மையாக்கும் டிஃப்யூசர் துணி ஒன்று. எல்லாரும் வாங்குவது சில்வருக்காகவும் கோல்டுக்காகவும்தான். நான் அந்த இரண்டையும் தொட்டு வெகுநாளாகிறது. பத்து மணி வெயிலில் சில்வரைத் திருப்பினால் கல்யாணப் பொண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும். பிடிக்கிறவர் இடுப்புயரத்தில் பிடித்தால் வெளிச்சம் கீழிருந்து ஏறி, மூக்கு நிழல் மேல்நோக்கி விழும். கோல்டு நம் நிறத்துக்கு ஆகவே ஆகாது. முகமும் மஞ்சள், பட்டு வேட்டியும் மஞ்சள். படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸில் அதை இறக்கினால் பின்னால் நிற்கும் மரமெல்லாம் நீலம் பாய்ந்துவிடும். வெயிலை முதுகுக்கு விட்டு, வெள்ளைப் பக்கத்தை முகத்தின் உயரத்தில் பக்கவாட்டில் பிடித்தாலே போதும்.

உள்ளே இருக்கும் டிஃப்யூசர் துணியும் நல்லதுதான். தலைக்கு மேலே, ஃப்ரேமில் விழாத அளவுக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே பிடிக்க வேண்டும். ஆனால் வெயில் குறைவது ஆளுக்கு மட்டும்தான். பின்னணி அப்படியே எரியும். அதனால் பின்னால் தோப்போ நிழல் விழுந்த சுவரோ இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துவேன்.

ஆனால் என்னை அசர வைத்தது கறுப்புப் பக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில், காதில் பாம்படம் போட்ட ஒரு ஆச்சியைத் திண்ணையில் உட்காரவைத்து எடுத்தேன். நல்ல நிழல்தான். ஆனால் தெருவிலிருந்தும் எதிர்வீட்டு வெள்ளைச் சுவரிலிருந்தும் வெளிச்சம் வந்து முகம் தட்டையாகிவிட்டது. சும்மா ஒரு யோசனையில் கறுப்பை இடது கன்னத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் இருட்டு இறங்கியது. கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. நீண்டு தொங்கும் காது மடலும், அதன் அடியில் பாம்படத்தின் விளிம்பில் ஒரு கீற்று வெளிச்சமும். அந்தப் படத்தை இன்றைக்கும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். வெளிச்சத்தைக் கூட்டத்தான் இதை வாங்கினேன். குறைக்கவும் இதே துணி உதவும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இவ்வளவும் காற்றில்லாத நாளில். கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் முன்னால் ஷூட் வேண்டும் என்று கேட்காத ஜோடி இல்லை. ஆனி, ஆடியில் அங்கே கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியுமல்லவா? 110 சென்டிமீட்டர் துணி பாய்மரம்தான். போன மாதம் பிடித்துக்கொண்டிருந்த பையன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்க் கருவேல முள்ளில் விழுந்தது. கிழிந்தது அப்போதுதான். வளையம் பையன் விரலையும் கீறிவிட்டது. ஸ்டாண்டில் மாட்டினால் ஸ்டாண்டோடு சாயும், மணல் மூட்டை கட்டினால் துணி முறுக்கிக்கொள்ளும். நாலு வருஷமாக இதே பாடு. ஆள் இல்லாமல் இதை வைத்துக்கொண்டு வெட்டவெளியில் ஒன்றும் செய்ய முடியாது. ஆள் வைத்தால் அன்றைக்குச் சம்பளம் வேறு.

அதனால் தம்பி, இப்போதைக்கு வாங்காதே. துணிக்கடையில் இரண்டு மீட்டர் கறுப்புத் துணி எடு, வெள்ளைப் பக்கத்துக்குப் பதிலாகத் தெர்மோகோல் அட்டை ஒன்று வாங்கு. காலையில் எட்டு மணிக்குள் ஆளைத் திண்ணையில் உட்காரவை. பையன் விரலில் போட்ட கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை; அடுத்த முப்பந்தல் ஷூட்டுக்கு நான் இதைக் காரிலிருந்து இறக்கப் போவதில்லை.