பூ ஜாடியில் எதைப் போடலாம்: சர்க்கரையா, செப்புக்காசா, பிளீச்சா?

மூன்றாம் நாள் காலையில் ரோஜா ஜாடியிலிருந்து ஒரு தண்டை உருவி, அடி நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். வெண்டைக்காய் நறுக்கிய கை மாதிரி வழவழக்கும். தண்டின் வெட்டுவாயில் கசியும் சாற்றைத் தின்று பெருகிய பாக்டீரியாவும் அதன் பிசினும்தான் அது. தண்ணீர் ஏறும் நுண்குழாய்களை அது அடைத்துவிடும். ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் கழுத்தை மடக்கிக்கொள்ளும்.

பலர் முதலில் போடுவது சர்க்கரை. மொட்டு விரிய அது உதவுவது உண்மைதான். ஆனால் தனியாகப் போட்டால் முதல் பந்தியில் உட்காருவது பாக்டீரியாதான். சீக்கிரமே தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் போலக் கலங்கிவிடும். வெறும் தண்ணீரே இதற்கு மேல்.

செப்புக்காசு? செம்பு கிருமியைக் கொல்லும், சரி. ஆனால் காசிலிருந்து கரைவது மிகக் கொஞ்சம். ஆஸ்பிரினும் தண்ணீரைச் சற்றுப் புளிப்பாக்குவதோடு சரி. அந்த வேலையை எலுமிச்சைச் சாறு இன்னும் நன்றாகச் செய்யும். புளிப்புத் தண்ணீர் தண்டில் எளிதாக ஏறும், பாக்டீரியாவும் மெதுவாகத்தான் வளரும். என்றாலும் அது சாகாது.

கொல்வது பிளீச்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் துணி வெளுக்கும் பிளீச் கால் டீஸ்பூன் போதும். கூடினால் தண்டு வெந்து வெளுத்துவிடும். இரண்டு நாளில் அதன் வீரியம் போய்விடும் என்பதால் தண்ணீரை மாற்றிப் புதிதாகக் கலக்க வேண்டும். ஜெர்பராவுக்கு நான் இதை மட்டும்தான் போடுவேன். அதன் தண்டில் பூனைமயிர் அடர்ந்திருக்கும், கிருமி ஒட்ட அது நல்ல இடம். அதனால் தண்ணீரும் நாலு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம்.

ரோஜாவுக்குப் பூக்கடையில் தரும் உணவுப் பொட்டலமே என் தேர்வு. சர்க்கரை, அமிலம், கிருமிக்கொல்லி மூன்றும் அளவாக இருக்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று பாதிப் பொட்டலம் போடாதீர்கள்; கொல்லி நீர்த்துப்போய், சர்க்கரை மட்டும் கிருமிக்குத் தீனியாக மிஞ்சும். வீட்டிலேயே கலக்குவதானால் எலுமிச்சைச் சாற்றையும் பிளீச்சையும் நேரடியாகச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

எதைப் போட்டாலும் தண்ணீருக்குள் முங்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஜாடியின் உட்புறத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, தண்டின் அடியில் இரண்டு செ.மீ. நறுக்குங்கள். அடைபட்ட துண்டு அதோடு போய்விடும்.