பாதியில் தொங்கும் வி.எம். பேக்கப்: என்.எஃப்.எஸ்.ஸா, பி.பி.எஸ்.ஸா?

ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருளில் வி.எம். (ஒரு கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஓட்டுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் பேக்கப் எடுக்கிறார்கள். ஒன்று, நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியாக இணையும் சேமிப்புப் பெட்டி) என்.எஃப்.எஸ். என்ற நெட்வொர்க் கோப்பு ஷேர் போட்டு, ப்ராக்ஸ்மாக்ஸின் பேக்கப் கருவியான வீஇசட்டம்ப் மூலம் கோப்பாக இறக்குவது. இன்னொன்று ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர், அதாவது பி.பி.எஸ். நான் முதல் வழியிலிருந்து இரண்டாவதுக்கு மாறியவன். அதனால் பி.பி.எஸ். பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

இடமும் வேகமும் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பி.பி.எஸ். டிஸ்க்கை 4 எம்.பி. துண்டுகளாகப் பிரித்து, ஏற்கெனவே இருக்கும் துண்டை மறுபடி சேமிக்காது. மாறிய இடங்களை, வி.எம்.மை ஓட்டும் மென்பொருளான கியூஎமு குறித்து வைப்பதால் தினசரி பேக்கப் சட்டென்று முடியும். வி.எம்.மை அணைத்துப் போட்டால் அந்தக் குறிப்பு போய்விடும், அன்று முழு டிஸ்க்கையும் படிக்கும். வீஇசட்டம்ப் கோப்போ ஒவ்வொரு முறையும் முழுசு.

நான் மாறியது இதற்காக இல்லை. பேக்கப் தொங்கிவிட்டால் அதிலிருந்து வெளியே வருவது எவ்வளவு கஷ்டம் என்பதுதான் முடிவு செய்தது.

ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்., இன்னும் பேக்கப் ஆகாத ஓர் இடத்தில் எழுத வந்தால், அங்கிருக்கும் பழைய தரவை பேக்கப்புக்கு அனுப்பிய பிறகே கியூஎமு எழுத விடும். பேக்கப் போய்ச்சேரும் இடம் மந்தமானால் வி.எம்.மும் காத்து நிற்கும். உள்ளே லினக்ஸ் இருந்தால், ஒரு ப்ராசஸ் 120 நொடிக்கு மேல் தடைபட்டு நிற்கிறது என்று கெர்னல் லாகில் வரி விழும். பேக்கப் தோற்றால்கூடப் பரவாயில்லை, ஓடுகிற டேட்டாபேஸ் நிற்பதுதான் வயிற்றைக் கலக்கும். இந்த ஆபத்து இரண்டு வழியிலும் உண்டு.

வித்தியாசம் அதற்கு அப்புறம் தெரியும். ஹோஸ்ட், அதாவது வி.எம்.களை ஓட்டும் கணினி, என்.எஃப்.எஸ். ஷேரை வழக்கமாக 'ஹார்ட்' மவுண்டாக இணைத்திருக்கும். நாஸ் பதில் சொல்லாவிட்டால் பிழை காட்டாது, முயன்றுகொண்டே இருக்கும். கோப்பைச் சுருக்கி எழுதும் இசட்எஸ்டிடி ப்ராசஸ் 'டி' நிலைக்கு, அதாவது இடையில் நிறுத்த முடியாத காத்திருப்புக்கு, போய்விடும், நிறுத்தச் சொல்லும் கில் கட்டளை அனுப்பினாலும் பல நேரம் அசையாது. ஸ்டோரேஜ் நிலையைப் பார்க்கும் பிவிஇஸ்டாட்டிடியும் அதே மவுண்டில் மாட்டிக்கொள்ளும். உடனே வெப் திரையில் நன்றாக ஓடும் வி.எம்.களுக்கும் சாம்பல் நிறக் கேள்விக்குறி. நாஸ் உயிர்பெற்றால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். வராவிட்டால் ஹோஸ்ட்டையே ரீபூட் செய்யும் நிலை, அதாவது அதிலுள்ள எல்லா வி.எம்.களும் கீழே. 'சாஃப்ட்' மவுண்ட் போட்டால் பிழை காட்டி விலகும்தான், ஆனால் பாதி எழுதிய கோப்பு மிஞ்சும் அபாயம் இருக்கிறது.

பி.பி.எஸ்.ஸில் ஹோஸ்ட்டின் கெர்னலில் மவுண்ட் எதுவும் இல்லை, 8007 போர்ட்டில் ஓர் இணைப்பு மட்டுமே. அது அறுந்தால் வேலை பிழையோடு முடியும். முடிவடையாத பேக்கப்பை சர்வரே நீக்கிவிடும். ஹோஸ்ட்டில் அந்த வி.எம். மேல் பேக்கப் போட்ட பூட்டு மிஞ்சியிருந்தால் கியூஎம் அன்லாக் கட்டளை கொடுத்தால் போதும். ஆனால் பேக்கப் வேலை உண்மையிலேயே இறந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். இணைப்பு அறாமல், பி.பி.எஸ்.ஸின் டிஸ்க் மட்டும் திணறினால் இங்கேயும் வி.எம். காத்திருக்கத்தான் செய்யும். நான் சொல்வது இரண்டு மூன்று ஹோஸ்ட் உள்ள சின்ன அமைப்பை வைத்து. பெரிய கிளஸ்டரில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

எந்த வழியானாலும் தொங்கினால் முதலில் டாஸ்க் லாகின் கடைசி வரியைப் பாருங்கள். வி.எம்.மின் கோப்பு முறைமையைச் சற்று நிறுத்திவைக்கும் எஃப்எஸ்-ஃப்ரீஸ் கட்டளையோடு நின்றிருந்தால் ஸ்டோரேஜைக் குறை சொல்ல வேண்டாம், சிக்கல் வி.எம்.முக்குள் ஓடி ஹோஸ்ட்டின் கட்டளைகளை ஏற்கும் கெஸ்ட் ஏஜென்ட்டில். விண்டோஸ் என்றால் அதன் ஸ்னாப்ஷாட் சேவையான விஎஸ்எஸ் பக்கம் தேடுங்கள். லினக்ஸில் ஒரு கோப்பையே டிஸ்க்போல லூப் மவுண்டாகப் போட்டிருந்தால் ஃப்ரீஸ் அங்கே முடங்குவதுண்டு. சதவீதம் ஏறி நடுவில் நின்றிருந்தால் பேக்கப் போய்ச்சேரும் இடத்தைச் சந்தேகப்படலாம்.

2024இல் வந்த ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2 பதிப்பில் 'ஃப்ளீசிங்' சேர்ந்தது. பழைய தரவை பேக்கப் இலக்குக்கு நேராக அனுப்பாமல், பக்கத்திலுள்ள வேகமான டிஸ்க்கில் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும். வி.எம். காத்திருக்கும் தொல்லை பெருமளவு போய்விடும். இது வீஇசட்டம்ப் கோப்புக்கும் வேலை செய்யும், ஆகவே என்.எஃப்.எஸ்.ஸிலேயே இருப்பவர்கள் இன்றைக்கே போட்டுவிடலாம். அந்தத் தற்காலிக இடத்தை மட்டும் அதே நாஸில் வைக்காதீர்கள்.

ஒரே ஹோஸ்ட், நாலு வி.எம்., கோப்பை யூ.எஸ்.பி. டிஸ்க்கில் நகலெடுத்து வேறெங்காவது வைக்க வேண்டும் என்றால் என்.எஃப்.எஸ். போதும். பி.பி.எஸ்.ஸுக்குத் தனி மெஷின் வேண்டும், அதில் எஸ்.எஸ்.டி. இருப்பது நல்லது. சுழலும் டிஸ்க்கில் தேவையற்ற துண்டுகளைக் கழிவாக நீக்கும் வேலையும் சரிபார்ப்பும் மணிக்கணக்கில் இழுக்கும். அவற்றை பேக்கப் நேரத்தோடு மோத விட்டால் அங்கேயும் தொங்கல் ஆரம்பித்துவிடும்.