ஸ்லீவ், பைபாஸுக்குப் பிறகு நடைக்கு எது துணை: போன் ஆப்பா, கையில் பேண்டா?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை (இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடல் வழியையும் மாற்றும் பைபாஸ்) முடிந்து வீடு திரும்புகிறவரிடம் டாக்டரும் டயட்டீஷியனும் தவறாமல் சொல்வது "நடங்க" என்பதுதான். நடந்ததை எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது என்பதில்தான் குழப்பம். வழிகள் நான்கு: போனிலேயே இருக்கும் இலவச ஆப் (சாம்சங் ஹெல்த், ஐபோனின் ஹெல்த் போன்றவை); மணிக்கட்டில் கட்டும் சாதாரண ஃபிட்னஸ் பேண்டும் அதன் ஆப்பும்; சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்துக் கலோரிக் கணக்குப் போடும் ஆப்; வாரவாரியாகப் பயிற்சி தந்து 5 கி.மீ. ஓடப் பழக்கும் கவுச் டு 5கே மாதிரியான ஆப். நான் தேர்ந்தெடுத்தது பேண்டை. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, அதையே சொல்வேன்.

கணக்கு எதற்கு என்றும் கேட்பார்கள். 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தாங்களாகச் சொன்ன உடற்பயிற்சி நேரம் முன்பிருந்ததைவிடப் பல மடங்கு கூடியிருந்தது. அதே ஆட்கள் உடலில் அணிந்திருந்த கருவியில் அந்த ஏற்றம் தெரியவில்லை. யாரும் வேண்டுமென்று மிகைப்படுத்தியிருக்க மாட்டார்கள். எடை இறங்கி உடம்பு லேசாகும்போது நிறைய நடமாடுவதாகத்தான் தோன்றும். அதனால் மனக்கணக்கை நம்ப முடியாது.

கடைசி இரண்டு வழிகளை முதலில் முடித்துவிடலாம். மைஃபிட்னஸ்பால் போன்ற கலோரி ஆப்கள், நடந்து எரித்த கலோரியை அன்றைய சாப்பாட்டு அளவோடு கூட்டிக் காட்டும். "இன்னும் 250 கலோரி சாப்பிடலாம்" என்ற வரி, ஸ்லீவ் முடிந்து மூன்றாம் மாதத்தில் இருப்பவருக்குத் தேவையே இல்லாதது. புரதம், தண்ணீர், வைட்டமின் கணக்குக்கு இப்படி ஓர் ஆப் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்ஸ், அதாவது நடந்த அடிகளின் எண்ணிக்கை, அதற்குப் போகும் இணைப்பை மட்டும் கொடுக்காதீர்கள். கவுச் டு 5கே நல்ல திட்டம்தான். 9 வாரம், வாரத்துக்கு 3 நாள். ஆனால் முதல் வாரமே 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றிக் கேட்கும். 110 கிலோ உடம்பைத் தாங்கும் முழங்காலுக்கு அது அதிகம். கணிசமாக எடை இறங்கி, டாக்டர் சரியென்று சொன்ன பிறகு அதற்கு வரலாம். ஒரே வாரத்தை இரண்டு மூன்று முறை திரும்பச் செய்வதிலும் தவறில்லை.

ஆக, உண்மையான போட்டி போனுக்கும் பேண்டுக்கும்தான். போன் ஆப்புக்குச் செலவில்லை. தனியாகச் சார்ஜ் போடும் வேலையுமில்லை. ஐபோனில் இன்னொரு வசதி: நீங்கள் எதையும் அமைக்காவிட்டாலும் அது ஸ்டெப்ஸைப் பதிந்துகொண்டே இருக்கும். ஹெல்த் ஆப்பைத் திறந்து வருட வரைபடத்தைப் பார்த்தால் அறுவை சிகிச்சைக்கு முந்தைய சராசரியே கிடைத்துவிடும். ஆண்ட்ராய்டில் கொஞ்சம் கை வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10 முதல் உடல் அசைவைக் கவனிக்கும் அனுமதியை ஆப்புக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். பல சீன பிராண்டு போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, ஆப் தானாகவே தொடங்க விடும் ஆட்டோஸ்டார்ட்டையும் போட்டுவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு குறை தீராது: போன் உடம்போடு இருந்தால்தான் எண்ணும். வீட்டுக்குள் நடமாடும்போது அது மேஜையிலோ சார்ஜரிலோ கிடக்கிறது. புடவைக்கும் நைட்டிக்கும் பெரும்பாலும் பாக்கெட் கிடையாது. சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தது, மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போய்வந்தது எதுவும் கணக்கில் ஏறாது. நாள் முழுக்கப் பேன்ட் பாக்கெட்டில் போனை வைத்திருக்கிறவருக்கு இது பிரச்சினையில்லை. அவர் பேண்டுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

விடுபட்ட சில நூறு ஸ்டெப்ஸ் அவ்வளவு முக்கியமா? முக்கியம். இந்த ஒப்பீட்டையே தீர்மானிப்பது அதுதான், ஏனென்றால் இலக்கை அதிலிருந்துதான் கட்ட வேண்டும். பல ஆப்கள் 8,000, 10,000 என்று தாமாகவே ஒரு இலக்கை வைத்துவிடும். 10,000 என்ற எண் 1960களில் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியோடு பரவியது. அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து வகுத்ததல்ல. நாளுக்கு 2,000 நடக்கிறவர் அதைப் பார்த்தால் இரண்டே வாரத்தில் ஆப்பைத் திறப்பதை நிறுத்திவிடுவார்.

செய்ய வேண்டியது இது. முதல் 7 நாள் எந்த இலக்கும் இல்லாமல் பேண்டைக் கட்டிக்கொண்டு வழக்கம்போல இருங்கள். ஏழு எண்களையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். மருத்துவமனைக்கு அலைந்த ஒரே ஒரு நாள் சராசரியை ஏற்றிவிடும் என்பதால் நடு எண்ணே நம்பகமானது. அது 2,300 என்றால் அடுத்த வார இலக்கு 2,800. ஓரளவு விறுவிறுப்பான நடையில் நிமிடத்துக்கு 100 ஸ்டெப்ஸ் வரும். ஆக, கூட்டியது வெறும் 5 நிமிட நடை. வாரத்தில் 5 நாளாவது இலக்கைத் தொட்டால் மறுவாரம் இன்னொரு 500 ஏற்றுங்கள். தொடவில்லையா, அதே எண்ணில் நில்லுங்கள், குறைக்கவும் வேண்டாம். இடையில் தடங்கல் இல்லாவிட்டால் பத்தே வாரத்தில் 7,300க்கு வந்துவிடலாம்.

இப்போது போனை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வீட்டு நடை விடுபட்டு நடு எண் 1,100 என்று வந்தால், மறுவாரம் போனைக் கையில் எடுத்துக்கொண்டு நடமாடினாலே இலக்கு முடிந்துவிடும். கூடுதலாக ஓர் அடிகூட நடந்திருக்க மாட்டீர்கள். பேண்ட் பக்கம் நான் சாய்வதற்குக் காரணம் இதுதான்.

பேண்டும் பிழை செய்யும். முதல் இரண்டு மூன்று வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கும்போது எண்ணிக்கை குறைவாகவே காட்டும். கை வீசாமல் நடந்தாலும், வாக்கரைப் பிடித்திருந்தாலும் அப்படியே. அந்த வாரங்களில் நிமிடக் கணக்குப் போதும்: விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை 5 நிமிடம். காலில் ரத்தம் உறையாமலிருக்க அது அவசியம். ஆகவே அந்த 7 நாள் கணக்கை நடை சீரான பிறகே தொடங்குங்கள். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: மாவு பிசைவது, பைக் ஓட்டும்போது வரும் அதிர்வு ஆகியவை ஸ்டெப்ஸாக ஏறலாம். அதிகம் வேலை செய்யாத கையில் கட்டினால் இது குறையும்.

எரித்த கலோரி என்று காட்டும் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். எடை வாரவாரம் மாறும்போது ஆப்பில் பழைய எடையே இருந்தால் அது தப்பாகத்தான் வரும். இதயத்துடிப்பை ஓர் எச்சரிக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். முதல் சில வாரங்களில் ஓய்வாக இருக்கும்போதே துடிப்பு 120க்கு மேல் நின்றால், கூடவே காய்ச்சலோ வயிற்றுவலியோ இருந்தால், தையலிடத்தில் கசிவாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பேண்ட் சாதாரணமாகக் காட்டினாலும் உடம்பு சரியில்லை என்று பட்டால் போகத்தான் வேண்டும். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அப்படியே. பைபாஸ் செய்தவர்களுக்கு, இனிப்போ மாவுச்சத்தோ அதிகம் சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்துக்குள் சர்க்கரை இறங்கி நடுக்கமும் வியர்வையும் வரலாம். அந்த நேரத்தில் ஆப் "எழுந்து நட" என்று சொன்னால் கேட்காதீர்கள்.

போனோ பேண்டோ, இரண்டுமே கண்டுகொள்ளாத வேலை ஒன்று உண்டு: தசைப் பயிற்சி. வேகமாக எடை இறங்கும் முதல் ஆறு மாதத்தில் கொழுப்போடு தசையும் கரைகிறது. டாக்டர் அனுமதித்த பிறகு, பொதுவாக 4 முதல் 6 வாரம் கழித்து, வாரம் 2 நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரண்டும் 8 முதல் 12 முறை. ஸ்டெப்ஸ் ஏறாது என்பதால் இது எளிதில் விட்டுப்போகும்; காலண்டர் ஆப்பில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

ஆப்பிள் வாட்ச் பற்றி அதிகம் சொல்லுமளவுக்கு எனக்குப் பழக்கமில்லை. அதில் முதன்மையான இலக்கு ஸ்டெப்ஸில் இல்லாமல் கலோரியில் இருப்பதும், ஏறக்குறைய தினமும் சார்ஜ் கேட்பதும் இந்த வேலைக்குப் பொருந்தவில்லை என்றே படுகிறது. சாதாரண பேண்ட் பல மாடல்களில் ஒரு வாரம், இரண்டு வாரம் தாங்கும்.

வாங்கும் முன் மணிக்கட்டை டேப்பால் அளந்து, பெட்டியில் போட்டிருக்கும் வார் அளவோடு ஒப்பிடுங்கள். இப்போது கடைசி ஓட்டையில் நிற்கிற வார் ஆறு மாதத்தில் தொளதொளக்கும், துடிப்புக் கணக்கு தாறுமாறாகும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்குக் கட்ட வேண்டும். வார் கழற்றி மாற்றக்கூடியதா, கடைகளில் தனியாகக் கிடைக்கிறதா, தினசரி இலக்கை 3,000க்குக் கீழேயும் வைக்க ஆப் விடுகிறதா என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.